ஆங்கிலப் பிழையும் அதைக் கண்டுபிடிப்போரும்

ஆங்கில மொழிக்கு அதிகாரம் பெற்ற காவலர் எவரும் இல்லை. பிரெஞ்சு மொழிக்கு 1635ஆம் ஆண்டிலேயே அரசின் ஆதரவோடு ஒரு கழகம் நிறுவப்பட்டு, எந்தச் சொல் கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது என்று சொல்லும் பொறுப்பும் அதற்கு வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் அப்படியொன்று தோன்றவே இல்லை. ஆயினும், ‘இது தவறான ஆங்கிலம்’ என்ற தீர்ப்பு வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் நாளிதழ்களின் வாசகர் கடிதப் பகுதியிலும் ஓயாமல் வழங்கப்பட்டே வருகிறது. தீர்ப்பு உண்டு, நீதிமன்றம் இல்லை என்ற இந்த விந்தையான நிலையில், தீர்ப்பு வழங்குவோர் அதற்கான உரிமையை எங்கிருந்து பெறுகின்றனர் என்பதே இவ்வுரை ஆராய முற்படும் கேள்வி. விடையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதில் தவறில்லை: எழுதியவர் யார், படிப்பவர் யார், அவ்விருவரில் எவர் உயரத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே ஒரு தொடர் பிழையாகத் தெரிவதும் தெரியாமற்போவதும் பெரும்பாலும் அமைகிறது.

முதலில் இரண்டு சொற்களை விளக்கிக்கொள்ள வேண்டும். மக்கள் எப்படிப் பேச வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று கட்டளையிடும் நூலை விதிப்பு இலக்கணம் என்றும், மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்று கண்டு பதிவு செய்யும் நூலை விவரிப்பு இலக்கணம் என்றும் மொழியியலார் பிரிப்பர். தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இப்பிரிவு முற்றிலும் புதிதன்று. வழாநிலை, வழு என்ற இரண்டோடு நில்லாமல், முறைப்படி பிழையேயாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும் வழுவமைதி என்ற மூன்றாவது ஒன்றையும் நம் இலக்கண நூல்கள் வகுத்து வைத்திருக்கின்றன. ஆங்கில விதிப்பு இலக்கணத்தில் இந்த மூன்றாவது வகைக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அங்கே நடந்த சண்டைகள் பலவற்றுக்கும் இந்த இடக்குறைவே காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

இங்கிலாந்திலும் ஒரு கழகம் வேண்டும் என்று கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் அரசின் கருவூலத் தலைவர் ராபர்ட் ஹார்லிக்குக் கடித வடிவில் ஒரு திட்டத்தை எழுதி வெளியிட்டு, ஆங்கிலத்தைத் திருத்தி, மேம்படுத்தி, இனி மாறாதவாறு நிலைநிறுத்த அறிஞர் குழுவொன்றை அமைக்க வேண்டும் என்று வேண்டினார். இலத்தீன் தொடரொன்றின் முதற்பகுதியைத் தறித்து உருவாக்கப்பட்ட ‘மாப்’ என்ற சொல்லின்மீது அவருக்கு இருந்த வெறுப்பு பலரறிந்தது. கும்பலைக் குறிக்கும் அச்சொல்லை இன்று எழுதும்போது எவரும் நாணுவதில்லை. 1714இல் ஆன் அரசியார் மறைந்து ஆட்சியும் கைமாறியதால் ஸ்விஃப்டின் திட்டம் கைவிடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அகராதி தொகுக்கப் புகுந்த சாமுவேல் ஜான்சனும் மொழியை நிலைநிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் தொடங்கினார். ஆனால் 1755இல் அகராதி வெளிவந்தபோது, அந்த எதிர்பார்ப்புக்கு அறிவும் அனுபவமும் இடம் தரவில்லை என்பதை அதன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார்.

கழகம் அமையாததால் ஏற்பட்ட வெற்றிடத்தைத் தனிமனிதர்கள் நிரப்பினர். அவர்களுள் தலையாயவர் ராபர்ட் லோத். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர், எபிரேயக் கவிதையின் அமைப்பை ஆராய்ந்து புகழ் பெற்றவர், பிற்காலத்தில் லண்டன் ஆயராக உயர்ந்தவர். 1762இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் அவர் வெளியிட்ட சிறிய ஆங்கில இலக்கணத்தின் சிறப்பு அதன் அடிக்குறிப்புகளில் இருக்கிறது: ஷேக்ஸ்பியர், மில்டன், அடிசன், போப், ஸ்விஃப்ட் ஆகியோரின் எழுத்துகளிலிருந்து தவறான தொடர்களை எடுத்துக்காட்டி, பெரும்புலவர்களும் இலக்கணம் பிழைத்தனர் என்று அவர் நிறுவினார். மொழியைக் காப்பாற்ற விரும்பிய ஸ்விஃப்ட், தம் மறைவுக்குப் பின் அதே மொழியின் பிழைப் பட்டியலில் அடிக்கடி இடம்பெற நேர்ந்தது. வழக்கை அறிவதற்கு எந்தப் புலவர்களை நாட வேண்டுமோ, அந்தப் புலவர்களையே குற்றவாளிகளாக நிறுத்திவிட்டால் விதியின் மூலம் எது என்ற கேள்வி எழுகிறது. லோத் அக்கேள்விக்கு நேரான விடை தரவில்லை. ஒப்புமை, தர்க்கம், இலத்தீன் இலக்கணத்தின் நிழல், தம் செவிக்கு இனிமை என்ற நான்கும் அவரிடம் மாறி மாறித் தலைகாட்டுகின்றன.

ஆனால் லோத்தைப் பற்றி இன்று சொல்லப்படுவதில் பாதி அவருக்கு நேர்ந்த அநீதி. பெயர்ச்சொல்லுக்கு முன்னே நின்று அதன் வேற்றுமையை உணர்த்தும் சொற்களாகிய முன்னிடைச்சொற்களைக் கொண்டு ஒரு வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று அவர் தடை விதித்ததாகப் பலர் எழுதுகின்றனர். அவர் சொன்னதோ வேறு: அது ஆங்கிலத்திற்கு இயல்பான போக்கு, உரையாடல் நடைக்குப் பொருந்துவது, உயர்நடையில் மட்டும் தவிர்த்தால் அழகு என்பதே அவர் கருத்து, அதைச் சொல்லும் இடத்தில் அவருடைய சொந்த வாக்கியமே முன்னிடைச்சொல்லில் முடியும் தொடரொன்றைக் கொண்டிருக்கிறது. இந்தக் குறையை முதலில் பெரிதுபடுத்தியவர் கவிஞர் டிரைடன். 1672இல் பென் ஜான்சனிடம் அதைக் குற்றமாகக் கண்ட அவர், 1668இல் தாமே எழுதிய நாடகக் கட்டுரையை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது அத்தகைய தொடர்களை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றியமைத்தார். வினைச்சொல்லின் பொதுவடிவத்திற்கும் அதற்கு முன்வரும் ‘டு’ என்பதற்கும் இடையே வேறு சொல்லைச் செருகக் கூடாது என்ற தடைக்கும் லோத் பொறுப்பல்லர்; அது 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. பிழைதிருத்துவோரைக் கேலி செய்வோரும் தம் சான்றுகளைச் சரிபார்ப்பதில்லை என்பதற்கு லோத்தின் பெயரே சான்று.

ஒருவரின் விருப்பம் எப்படி எல்லோர்க்கும் விதியாகிறது என்பதை ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ என்ற இரு சொற்களின் வரலாறு தெளிவாகக் காட்டும். எண்ணத்தக்க பொருள்களுக்கு ‘ஃபியூவர்’ என்றும், எண்ண இயலாமல் அளந்தறியும் பொருள்களுக்கு ‘லெஸ்’ என்றும் வர வேண்டும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படும் விதி. இவ்விதியின் தொடக்கம் 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் எழுதிய ஆங்கில மொழிச் சிந்தனைகள் என்ற நூலில் இருக்கிறது. எண்ணிக்கையைச் சொல்லுமிடத்தில் ‘ஃபியூவர்’ என்று வருவது நயமாகவும் சரியாகவும் தமக்குத் தோன்றுவதாக அவர் எழுதினார். தமக்குத் தோன்றுவதாக மட்டுமே எழுதினார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவருக்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஆல்ஃபிரட் அரசர் காலத்து உரைநடையிலேயே ‘லெஸ்’ என்பதன் பழைய வடிவம் சொற்களைப் போன்ற எண்ணத்தக்கவற்றோடு வந்திருக்கிறது. அக்காலத்தில் ஆறாம் வேற்றுமை உருபேற்ற பெயர் அதனோடு சேர்ந்து, இவற்றுள் குறைந்த அளவு என்ற பொருளைத் தந்தது; வேற்றுமை உருபுகள் மொழியிலிருந்து உதிர்ந்துபோன பிறகும் சேர்க்கை மட்டும் நிலைத்துவிட்டது. பேக்கரின் விருப்பத்தை அடுத்துவந்த நூலாசிரியர்கள் ‘தோன்றுகிறது’ என்ற சொல்லை விட்டுவிட்டு எடுத்தாண்டனர். 2008இல் பிரிட்டனின் பெரிய அங்காடி நிறுவனமாகிய டெஸ்கோ, பத்துப் பொருள்களுக்கு மிகாமல் வாங்குவோர்க்கான விரைவுப் பணவரிசையின் மேலிருந்த ‘லெஸ்’ என்ற சொல்லுள்ள பலகைகளை அகற்றி, இரண்டு சொல்லும் இல்லாத வேறொரு வாசகத்தை எழுதிவைக்கும் அளவுக்கு அந்த விருப்பம் வலுப்பெற்றுவிட்டது. பழைய பலகையைப் பார்த்துக் குழம்பிப் பதினொரு பொருள்களோடு வரிசையில் நின்றவர் எவரும் இருந்திருக்க வாய்ப்பில்லை. வாடிக்கையாளர் குறைகூறியது பொருள் விளங்கவில்லை என்பதற்காக அன்று.

இத்தகைய விதிகளை விலை கொடுத்து வாங்கியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பரம்பரைச் செல்வரும் பெருநிலக்கிழாரும் இலக்கண நூல்களைத் தேடி ஓடியவர்கள் அல்லர். அவர்கள் எப்படிப் பேசினாலும் அது உயர்ந்தோர் வழக்காகவே கொள்ளப்பட்டது. வணிகத்தாலும் தொழிலாலும் புதிதாக உயர்ந்து, பிள்ளைகளின் பேச்சிலிருந்து பழைய தெருவின் வாடையைப் போக்க விரும்பிய குடும்பங்களே அந்நூல்களின் வாடிக்கையாளர்கள். அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து, பின் இங்கிலாந்தின் யார்க் நகரருகே குடியேறிய குவேக்கர் சமயத்தவரான லிண்ட்லி மரே, அந்நகரின் பெண்கள் பள்ளியொன்றுக்காக 1795இல் எழுதிய இலக்கணம் லோத்தை அடியொற்றியது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் சேர்த்து அது பத்து லட்சத்திற்கு மேற்பட்ட படிகள் விற்றது. இந்த எண்ணிக்கையை ஆங்கிலேயரின் மொழிப்பற்றுக்கு அளவுகோலாகக் கொள்வோர் உண்டு. அவர்களுடைய அச்சத்திற்கு அளவுகோலாகக் கொள்வதே பொருத்தம்.

அந்த அச்சத்திலிருந்து பிறப்பது மிகைத்திருத்தம். பிழை செய்துவிடுவோமோ என்ற பதற்றத்தில், விதி பொருந்தாத இடத்திலும் அதைப் பொருத்தி, சரியாக இருந்ததைத் தவறாக்குவதை மொழியியலார் இப்பெயரால் குறிப்பர். எழுவாயாக வருமிடத்தில் ‘யூ அண்ட் மீ’ என்று சொன்னதற்காக அதட்டப்பட்ட குழந்தை, வளர்ந்த பிறகு முன்னிடைச்சொல்லுக்குப் பின்னும் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று சொல்லிவிடுவதை வழக்கமான எடுத்துக்காட்டாகத் தருவார்கள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வரும் கடிதமொன்றிலேயே இத்தொடர் இருப்பதால், பள்ளிக்கூட அதட்டலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. மொழியியலார் வில்லியம் லபோவ் 1966இல் வெளியிட்ட நியூயார்க் நகர ஆய்வு இதைவிட உறுதியான சான்றைத் தந்தது: மிகக் கவனமாகப் பேசும்போது, கீழ்நடுத்தர வகுப்பினர் மதிப்புக்குரிய உச்சரிப்பை மேல்வகுப்பினரையும் விஞ்சுமளவுக்குப் பயன்படுத்தினர். ஏணியின் நடுப்படியில் நிற்பவர்க்கே மேலேறும் ஆசையும் கீழே விழும் பயமும் ஒருங்கே இருக்கின்றன என்பதை ஒலியளவிலேயே அவர் கண்டு காட்டினார்.

சொற்றேர்விலும் இதே கதைதான். பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் ராஸ் 1954இல் ஃபின்லாந்தின் மொழியியல் இதழொன்றில் எழுதிய கட்டுரையில், ஆங்கில மேல்வகுப்பாரை இனங்காட்டும் அடையாளங்களில் அவர்களுடைய சொற்களும் முக்கியமானவை என்று பட்டியலிட்டார். நாவலாசிரியர் நான்சி மிட்ஃபர்ட் அதை எடுத்து 1955இல் ‘என்கவுன்டர்’ இதழில் எழுதியதும் நாடே அதைப் பற்றிப் பேசத் தொடங்கியது. உண்ணும்போது கை துடைக்கும் துணியை நடுத்தர வகுப்பார் ‘செர்வியட்’ என்றனர்; மேல்வகுப்பார் ‘நாப்கின்’ என்றனர். முன்னவர் ‘டாய்லெட்’ என்றதைப் பின்னவர் ‘லாவட்டரி’ என்றனர். முகம் பார்ப்பது ஒருவர்க்கு ‘மிரர்’, மற்றவர்க்கு ‘லுக்கிங் கிளாஸ்’. நாகரிகமென்று கருதி நடுத்தர வகுப்பார் தேர்ந்தெடுத்த பிரெஞ்சுச் சாயலுள்ள சொற்களே அவர்களைக் காட்டிக் கொடுத்தன என்பதுதான் இதிலுள்ள கொடுமை. அவற்றுள் எதுவும் இலக்கணப்படி தவறன்று, அகராதியில் இல்லாததும் அன்று. ஆயினும் சொன்னவுடன் எதிரில் இருப்பவரின் புருவம் உயர்ந்தது. இலக்கண விதி என்ற போர்வையே இல்லாமல் தீர்ப்பு மட்டும் தனியே நிற்பதை இங்கே காணலாம்.

பிழைதிருத்துவோர் ஒருவரையொருவர் திருத்திக்கொண்ட வரலாறு தனிச்சுவை உடையது. கேன்டர்பரி பேராலயத்தின் தலைமைக் குருவான ஹென்றி ஆல்ஃபர்ட், 1864இல் அரசியாரின் ஆங்கிலம் என்ற பெயரில் ஒரு நூல் வெளியிட்டு, நாளிதழ் நடையையும் பிறர் பிழைகளையும் கண்டித்தார். ‘டு’ என்பதையும் வினையையும் பிரித்தெழுதுவது ஆங்கிலேயர் அறியாத வழக்கம் என்று அவர் கருதினார். 14ஆம் நூற்றாண்டிலேயே விக்ளிஃப் அப்படித் தாராளமாக எழுதியிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை போலும். அதே ஆண்டில் ஜார்ஜ் வாஷிங்டன் மூன் என்பவர், தலைமைக் குருவின் ஆங்கிலம் என்ற குறும்பான தலைப்பில் எதிர்நூல் எழுதி, ஆல்ஃபர்டின் சொந்த வாக்கியங்களிலேயே குற்றங்களை அடுக்கிக் காட்டினார். அதோடு அடங்காமல், 1868இல் லிண்ட்லி மரே உள்ளிட்ட இலக்கண ஆசிரியர்கள் எழுதிய தவறான ஆங்கிலத்தைப் பற்றியே தனிநூல் ஒன்றும் வெளியிட்டார். அவர் நடையிலும் பிறர் குற்றம் கண்டனர். இத்தொடர் ஓயவில்லை. லின் டிரஸ் 2003இல் நிறுத்தற்குறிகளைப் பற்றி எழுதி லட்சக்கணக்கில் விற்ற நூலை அடுத்த ஆண்டு ‘நியூயார்க்கர்’ இதழில் மதிப்பிட்ட லூயி மெனான்ட், அந்நூலுக்குள்ளேயே இருந்த நிறுத்தற்குறிப் பிழைகளை நிரல்படக் காட்டினார். பிறர் எழுத்தைக் குறைகூறி எழுதப்படும் எதிலும் அதே வகைக் குறை ஒன்று தவறாமல் இருக்கும் என்று ஆஸ்திரேலியப் பதிப்பாசிரியர் ஜான் பாங்சண்ட் 1992இல் ஒரு விதி வகுத்தார். அதற்கு அவர் வைத்த பெயரும், தவறக்கூடியது தவறியே தீரும் என்று சொல்லும் மர்ஃபி விதியின் பெயரை எழுத்து மாற்றி வேண்டுமென்றே பிழையாக எழுதியதுதான்.

இவற்றையெல்லாம் நகைச்சுவையாகக் கொண்டு கடந்துவிடலாம். அப்படிக் கடந்துவிட முடியாத சான்று ஒன்று 1981இல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஜோசஃப் வில்லியம்ஸ், கல்லூரியில் எழுத்துப்பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கான ஆய்விதழில் பிழையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மாணவர் எழுதிய தாளில் பிழை எளிதில் கண்ணில் படுகிறது, அதே பிழை புகழ்பெற்ற எழுத்தாளரின் நூலில் இருந்தால் ஏன் படுவதில்லை என்பதே அவர் எழுப்பிய கேள்வி. எளிய நடைக்கு ஆசானாகப் போற்றப்படும் ஜார்ஜ் ஆர்வெல், செயப்பாட்டு வினையைத் தவிர்க்கச் சொல்லும் தம் 1946ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதே வினையைத் தாராளமாகப் பயன்படுத்தியிருப்பதைப் போன்ற இடங்களை அவர் எடுத்துக்காட்டினார். அக்கட்டுரையை ஆண்டுதோறும் பாடமாக நடத்திய ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதைக் கவனித்ததே இல்லை. கட்டுரையின் முடிவில்தான் வில்லியம்ஸ் தம் உண்மையான சான்றை வெளியிட்டார். இலக்கணக் கையேடுகள் பிழையென்று சொல்பவற்றில் ஏறத்தாழ நூறை அக்கட்டுரைக்குள்ளேயே அவர் வேண்டுமென்றே விதைத்திருந்தார். மாணவர் தாள்களில் சிவப்பு மையைச் செலவிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அதைப் படித்தனர். அவர்களில் பலர் முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிச் சென்றிருந்தனர்.

இச்சோதனையின் ஆழத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆய்விதழில் அச்சாகிவந்த பேராசிரியர் கட்டுரையைக் கையில் எடுக்கும் வாசகர், அதிலுள்ள கருத்தைத் தேடியே படிக்கிறார். பதினெட்டு வயது மாணவரின் தாளைக் கையில் எடுக்கும் அதே மனிதர், பிழையைத் தேடியே படிக்கிறார். தேடியது கிடைக்கிறது. அப்படியானால் கண்ணில் படாத நூறு பிழைகளைப் பிழைகள் என்று சொல்வதன் பொருள்தான் என்ன? பொருளைக் கெடுக்காமல், ஓட்டத்தைத் தடுக்காமல், கற்றறிந்த வாசகரின் செவியையும் உறுத்தாமல் ஒரு தொடர் சென்றுவிடுமானால், அதைக் குற்றமாக்குவது கையேட்டின் பக்கம் ஒன்று மட்டுமே. இதிலிருந்து எல்லாப் பிழையும் பொய் என்று முடிவுகட்டுவது அறியாமை. ஒருமை எழுவாயோடு பன்மை வினையைச் சேர்ப்பது, சொற்களின் வரிசையைக் குலைப்பது போன்றவை எந்த வாசகரையும் எந்தத் தாளிலும் நிறுத்திவிடும். வில்லியம்ஸே இந்த வேறுபாட்டை வலியுறுத்தினார். எப்போதும் கண்ணில் படுபவை சில. தேடினால் மட்டுமே படுபவை பல. ஆங்கிலத்தைப் பற்றிய காரசாரமான வாதங்களோ, இந்த இரண்டாம் வகையைச் சுற்றியே நடந்து வருகின்றன.

தேடுவோரின் இயல்பையும் அளந்து பார்த்திருக்கின்றனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலன்ட், ராபின் குவீன் ஆகிய இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடும் விளம்பரத்துக்கு வந்த மறுமொழிகள்போல் எழுதப்பட்ட மின்னஞ்சல்களை 83 பேரிடம் கொடுத்து, எழுதியவரை மதிப்பிடச் சொன்னார்கள். சிலவற்றில் விசைப்பலகைத் தவறுகள் இருந்தன. சிலவற்றில் ஒரே ஒலியுடைய சொற்களை மாற்றி எழுதும் தவறுகள் இருந்தன. பிறரோடு எளிதில் கலந்து பழகும் இயல்பினர் இத்தவறுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறரோடு இணங்கிப்போகும் குணம் குறைந்தவர்கள் இலக்கணத் தவறுகளுக்காக மதிப்பெண்ணைக் குறைத்தனர். ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு பிழைதிருத்துவோர் அனைவரையும் சிடுமூஞ்சிகள் என்று முத்திரை குத்துவது முறையாகாது. எனினும், ஒரே பிழை ஒருவர்க்கு ஒன்றுமில்லாததாகவும் இன்னொருவர்க்குத் தாங்க முடியாததாகவும் தோன்றுவதற்கு அவரவர் கற்ற இலக்கணம் மட்டுமே காரணமன்று என்பதை அது காட்டிவிட்டது.

விவரிப்பு இலக்கணத்தார் வென்றுவிட்டார்கள் என்று எண்ணினால் அதுவும் தவறு. 1961இல் மெரியம் நிறுவனம் ஃபிலிப் கோவ் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெப்ஸ்டர் பேரகராதியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, பள்ளிகளில் தடைசெய்யப்பட்டிருந்த ‘எய்ன்ட்’ போன்ற சொற்களைக் கண்டிக்காமல், யார் யார் பேச்சில் வழங்குகின்றன என்று மட்டும் பதிவு செய்ததற்காக அமெரிக்க நாளிதழ்கள் கொதித்தெழுந்தன. அதற்கு மாற்றாகவே 1969இல் அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி வெளிவந்தது. எழுத்தாளர்களும் அறிஞர்களுமாகச் சுமார் நூறு பேர் கொண்ட குழுவிடம் ஐயமான வழக்குகளைப் பற்றி வாக்குக் கேட்டு, முடிவை விழுக்காட்டில் அச்சிட்டது. அக்குழு எதிர்த்துவந்த வழக்குகளில் ஒன்று, வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘நடக்கும் என்று நம்பலாம்’ என்ற பொருளில் வரும் ‘ஹோப்ஃபுல்லி’. இதே அமைப்பில் வரும் ‘ஃபிராங்க்லி’யையும் ‘ஃபார்ச்சுனட்லி’யையும் எவரும் குறைகூறவில்லை. புதிதாகப் பரவியது என்பதைத் தவிர அந்தச் சொல்மீது வேறு குற்றமில்லை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக்கையேட்டில் 2012ஆம் ஆண்டில்தான் அதற்கு அனுமதி வழங்கியது. பால் தெரியாத ஒருவரைக் குறிக்க ‘தே’ என்ற பலர்பால் பெயரை ஆளும் வழக்கு 14ஆம் நூற்றாண்டு தொட்டு இருந்துவந்தும், ஜேன் ஆஸ்டின் நாவல்களில் தாராளமாக வந்தும், 19, 20ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளில் அடி வாங்கியது; 2019இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக்கையேடு அதை ஏற்றுப் பரிந்துரைத்த பின், ‘ஹி’ என்று மட்டும் எழுதுவோர் திருத்தப்படுகின்றனர். திருத்தும் திசைதான் மாறியிருக்கிறது.

விருப்பு வெறுப்புகளே கூடாது என்பதன்று இங்குச் சொல்லவருவது. 1926இல் வெளிவந்த ஹென்றி ஃபௌலரின் வழக்கு அகராதியை இன்றும் விரும்பிப் படிக்கக் காரணம், அவருடைய வெறுப்புகள் ஒளிவுமறைவின்றி, காரணத்தோடும் நகைச்சுவையோடும் வெளிப்படுவதுதான். ‘டு’ என்பதைப் பிரிப்பது குறித்து ஆங்கிலம் பேசுவோரை ஐந்து வகையாகப் பிரித்த அவர், அது என்னவென்று தெரியாமலும் அதைப் பற்றிக் கவலைப்படாமலும் இருப்போரே பெரும்பான்மையினர், பொறாமைப்படத்தக்க பாக்கியசாலிகள் என்றார். தம் எழுத்தில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு எழுத்தாளர்க்கும் உண்டு. அவ்வுரிமை பிறர் எழுத்துக்குள் நுழையும்போதுதான் கேள்வி பிறக்கிறது.

இந்தியாவில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. ஆங்கிலம் இங்கே தாயிடம் கேட்டுக் கற்கும் மொழியாக அன்றி, பெரும்பாலோர்க்குத் தேர்வுத்தாளின் வழியாகவே அறிமுகமானது. ‘போ கெஸ்ட்’ என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவருமான ரென், மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து எழுதிய இலக்கணநூல், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தலைமுறைகளாக ‘ரென் அண்ட் மார்ட்டின்’ என்றே வழங்கி, நூலின் பெயரை ஆசிரியர் பெயரே விழுங்கிவிட்டது. பிழை என்றால் மதிப்பெண் இழப்பு என்று பழகிய மனம், நேர்காணலிலும் அலுவலகக் கூட்டத்திலும் வாய் திறக்கும்முன் தன்னைத்தானே தணிக்கை செய்கிறது. அதே வேளையில், ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிராக இந்தியர் வழங்கும் ‘பிரிபோன்’ என்ற சொல், கேலிக்குள்ளான காலம் போய் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பெற்றுவிட்டது.

கேட்டுப் பெறும் திருத்தம் எப்படி இருக்கும் என்பதற்கும் இந்தியாவிலேயே சான்று உண்டு. காந்தியின் தன்வரலாற்றை குஜராத்தியிலிருந்து ஆங்கிலமாக்கிய மகாதேவ் தேசாய், 1940இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், ஆங்கிலப் புலமைக்குப் பெயர்பெற்ற மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் மொழிபெயர்ப்பு முழுவதையும் கவனமாகத் திருத்தித் தந்தார் என்றும், தம் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்தார் என்றும் குறிப்பிடுகிறார். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து, பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாரே அந்நண்பர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அரசியலில் காந்தியோடு அவர் பல இடங்களில் முரண்பட்டவர். வாதத்தில் எதிர்த்து நிற்பதையும் வாக்கியத்தைச் செப்பனிட்டுத் தருவதையும் அவர் ஒன்றோடொன்று கலக்கவில்லை.

அவ்விரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்பதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காட்டியது. வாக்குரிமை கேட்டு 1793இல் ஷெஃபீல்டு நகர மக்கள் அனுப்பிய விண்ணப்பம், அவைக்கு உரிய மதிப்பான மொழியில் எழுதப்படவில்லை என்று சொல்லித் திருப்பப்பட்டது. கேட்ட உரிமையைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே எழவில்லை. இதன் பொருளை நன்கு உணர்ந்தவர் வில்லியம் காபெட். ஏட்டுக்கல்வி அதிகம் பெறாத நாட்டுப்புறச் சிறுவனாக வளர்ந்து படையில் சேர்ந்த அவர், லோத்தின் இலக்கணத்தைக் கையால் படியெடுத்து, காவற்பணியின்போது ஒப்பித்து, முழுவதையும் மனப்பாடம் செய்தவர். 1818இல் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது, படைவீரர்க்கும் மாலுமிகளுக்கும் தொழில் பழகுவோர்க்கும் ஏர் உழும் பையன்களுக்குமாக, தம் மகனுக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் ஓர் இலக்கணத்தை அவர் வெளியிட்டார். பின்னர் வந்த பதிப்பில், அரசியல்வாதிகள் தவறான ஆங்கிலம் எழுதாதிருக்க ஆறு பாடங்கள் என்று ஒரு பகுதியையும் சேர்த்து, அரசரின் உரையிலிருந்தும் அமைச்சர்களின் கடிதங்களிலிருந்தும் பிழைகளை எடுத்து வைத்தார். விதிகளை அவர் கேள்வி கேட்கவில்லை. ஆயர் லோத்தின் விதிகளை ஆயரைவிடக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டு, அவற்றைக் கீழிருந்து மேல்நோக்கிச் செலுத்தினார். வாக்குரிமைச் சீர்திருத்தம் நிறைவேறிய 1832இல் ஓல்டாம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1883இல், ஆல்ஃபிரட் அயர்ஸ் என்ற அமெரிக்கர் அவ்விலக்கணத்தை மறுபதிப்புச் செய்தபோது, ‘தட்’ என்று வர வேண்டிய இடங்களில் காபெட் ‘ஹூ’ என்றும் ‘விச்’ என்றும் எழுதிவிட்டதாகக் குறித்து, நூல் நெடுகத் திருத்தம் செய்திருந்தார்.